டீசலில் இறங்கிய தண்ணீர்

பேராக் மாநிலத்து ரப்பர்த் தோட்டங்களைப் பற்றித் தமிழில் எழுதியவர்கள் பால்மரத்தையும் உளியையும் வாளியையும், கங்காணியின் அதட்டலையும் லயத்து வாழ்க்கையையும் மனமுருக வர்ணித்திருக்கிறார்கள். ஆனால் அதே தோட்டத்தின் மற்றொரு கோடியில், தகரக் கூரை வேய்ந்த எஞ்சின் கொட்டகையில், எண்ணெய் ஊறிய சிமெண்டுத் தரைமேல் நின்று, ஓடுகின்ற யந்திரத்தின் ஓசையைக் கொண்டே அதன் உள்ளே நடப்பதை அறிந்து சொன்ன தமிழ்த் தொழிலாளரின் சரித்திரம் அவ்வளவு விரிவாக எழுதப்படவில்லை. அவர்கள் கைவசம் இருந்த வித்தைகளுள் ஒன்று, கெட்டுப்போன டீசலை அடையாளம் கண்டுகொள்ளும் வித்தை. இன்று ஈப்போவின் சுற்றுவட்டாரத்தில் யாரோ ஓட்டிக் கழித்த டிராக்டரை வாங்கி, அது பாரத்தோடு மேடேறும்போது திணறி நின்றுவிடுவதைக் கண்டு திகைக்கும் சிறு நிலக்காரர் ஒவ்வொருவருக்கும் அந்த வித்தை தேவைப்படுகிறது. அது எங்கே உருவாயிற்று, எவ்வாறு சிதறிப்போயிற்று என்பதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

ரப்பர் மரம் பேராக்குக்கு வந்தது 1877-இல். பிரேசிலில் சேகரித்த விதைகளிலிருந்து லண்டன் கியூ தோட்டத்தில் முளைப்பிக்கப்பட்டுச் சிங்கப்பூர் வந்து சேர்ந்த கன்றுகளுள் சிலவற்றை, அக்காலத்தில் பேராக்கின் ரெசிடெண்டாக இருந்த ஹியூ லோ கோலகங்சாரில் நட்டு வளர்த்தார். அதற்கு இருபது ஆண்டுகள் கழித்து, 1897-இல், ஜெர்மனியின் ஆக்ஸ்பர்க் நகரில் ருடால்ப் டீசல் தம்முடைய யந்திரத்தை வெற்றிகரமாக ஓட்டிக் காட்டினார். தீப்பொறியின் உதவியின்றி, காற்றை நெருக்குவதால் உண்டாகும் வெப்பத்தைக் கொண்டே எண்ணெயைப் பற்றவைக்கின்ற அவ்வகை யந்திரம் ஒன்று, 1900-ஆம் ஆண்டுப் பாரிஸ் பொருட்காட்சியில் நிலக்கடலை எண்ணெயில் ஓடியது என்பது நினைவில் வைக்கத் தக்க செய்தி; ஏனெனில் தாவர எண்ணெய் பின்னாளில் பேராக்கின் டிராக்டர்த் தொட்டிகளுக்குள்ளும் புகுந்து, தனக்கேயுரிய சில சங்கடங்களையும் உடன் கொண்டுவந்தது.

கிந்தாப் பள்ளத்தாக்கின் ஈயச் சுரங்கங்களில் சரளையும் சேறுமாகக் கலந்த நீரை உறிஞ்சி மேலே தள்ளும் பம்புகளை ஓட்டுவதற்கும், தோட்டத்துப் பேக்டரிகளில் உறைந்த பாலை நசுக்கித் தகடாக்கும் உருளைகளைச் சுழற்றுவதற்கும், மாலையானதும் துரையின் பங்களாவுக்கு விளக்கெரிப்பதற்கும் டீசல் யந்திரங்கள் இங்கே வந்து சேர்ந்தன. ரஸ்டன், லிஸ்டர் என்னும் ஆங்கிலக் கம்பெனிப் பெயர்கள் எழுத்தறியாதவர் வாயிலும் சரளமாகப் புழங்கலாயின. 1941 டிசம்பரில் ஜப்பானியர் வந்தபின் கொட்டகைகள் பலவும் ஓய்ந்தன; யந்திரத்துக்கு எண்ணெய் இல்லை, ஆட்களோ சயாம் ரயில்பாதைக்கு இழுத்துச் செல்லப்பட்டார்கள். யுத்தம் முடிந்து, 1948 ஜூனில் சுங்கை சிப்புட்டுக்கு அருகே தோட்டத்துரைமார் மூவர் கொல்லப்பட்டதைத் தொடர்ந்து அவசரகாலம் பிரகடனமாகி, அந்தப் பன்னிரண்டு ஆண்டுகளின் கெடுபிடிகளுக்கு நடுவிலும் யந்திரங்கள் ஓடவேண்டியிருந்தன; அவற்றை ஓட்டியவர்கள் ஓட்டினார்கள்.

டீசல் தோம்புகளில் வந்தது. தோம்பு ஒன்றுக்கு 44 கேலன். பேராக்கில் இந்தத் தோம்புகளுக்கு முதற்பகை மழை. தைப்பிங்கில் மட்டும் ஆண்டுக்கு ஏறத்தாழ 4000 மில்லிமீட்டர் மழை பெய்கிறது. ஈப்போ அவ்வளவு நனையாவிட்டாலும், மாதம் முழுவதும் உலர்ந்து கிடப்பதென்பது அங்கும் அரிது. நிமிர்த்தி வைக்கப்பட்ட தோம்பின் தலையில், சுற்று விளிம்புக்கு உட்பட்ட பள்ளத்தில், ஒரு விரற்கடை ஆழத்துக்கு மழைநீர் தேங்கி நிற்கும். பகல் வெயிலில் தோம்பு சூடேற, உள்ளிருக்கும் காற்று விரிந்து மூடியின் மரைகளுக்கு இடையே கசிந்து வெளியேறும். பிற்பகல் மழை கொட்டி இரும்பு சட்டென்று குளிரும்போது உள்ளே அழுத்தம் தாழ்ந்து, அதே மரைகளின் வழியாக மேலே தேங்கிய நீர் சிறிது சிறிதாக உள்ளே இழுக்கப்படும். மூடியை எவரும் திறக்கவில்லை. அது இறுகத்தான் இருக்கிறது. ஆயினும் சில வாரங்களில், டீசலைவிடக் கனமான நீர் அடியில் போய்த் தங்கிவிடுகிறது. யாரோ வேண்டுமென்றே கலந்துவிட்டார்கள் என்று ஸ்டோரில் இருப்பவன்மேல் சந்தேகம் விழுவது இயல்பு. என் அபிப்பிராயத்தில், டீசல் கெட்டுப்போவதற்கு மனிதனின் வஞ்சகம் காரணமாவதைவிட வெயிலும் மழையும் மாறி மாறிச் செய்யும் இந்த வேலையே பெரும்பாலும் காரணமாகிறது.

இதற்கான பரிகாரங்களை ஒழுங்குள்ள கொட்டகைகள் அறிந்திருந்தன. தோம்பைக் கூரைக்குக் கீழே படுக்கவைத்து, அதன் இரண்டு மூடிகளும் ஒரே மட்டத்தில் இடமும் வலமுமாக நிற்கும்படி உருட்டிவிட்டால், உள்ளே இருக்கும் டீசலே மூடிகளை நனைத்துக்கொண்டிருக்கும். காற்றுக்கும் நீருக்கும் வழியில்லை. உபயோகிக்கும் முன்னர் தோம்பை நிமிர்த்தி ஒரு நாளாவது அசைக்காமல் விடுவார்கள். கைப்பம்பின் குழாயை அடிவரை இறக்காமல் நாலு விரல் உயர்த்தியே நிறுத்துவார்கள். மிஞ்சிய அடிமண்டியைச் சாமான் கழுவ எடுத்துக்கொள்வார்கள். வேலை முடிந்த மாலையிலேயே வண்டியின் தொட்டியை நிறைத்துவிடுவார்கள். பாதி காலியான தொட்டியில் இரவுக் குளிரால் காற்றின் ஈரம் வியர்த்து இறங்கும் என்பதைப் புத்தகம் படிக்காமலே அவர்கள் கண்டிருந்தார்கள்.

மாட்டு வண்டி இழுத்த பாரத்தை டிராக்டர் இழுக்கத் தொடங்கிய காலத்தில் இந்த ஜாக்கிரதை இன்னும் அவசியமாயிற்று. இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரில் 1964 முதல் தயாரான மாஸி பெர்கூசன் 135 என்னும் சிவப்பு வண்டி, மூன்று சிலிண்டர் பெர்கின்ஸ் எஞ்சினோடு இந்நாட்டுத் தோட்டங்களுக்கும் வந்தது. அதன் சமகாலத்து வண்டிகள் பலவற்றிலும் பொருத்தப்பட்ட சி.ஏ.வி. சுழற்பம்பு மிக நுட்பமான கருவி. உள்ளே ஒன்றோடொன்று உராய்ந்து ஓடும் உறுப்புகளுக்கு இடையே உள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் சில பங்கு. அவற்றுக்கு மசகாக வேறு எண்ணெய் எதுவும் கிடையாது, பாய்ந்து செல்கின்ற டீசலே மசகு. எனவே அந்த டீசலோடு தண்ணீர் புகுந்தால், எரிவது கெடுவதோடு நில்லாமல், பம்பின் உறுப்புகள் துருப்பிடித்து இறுகிப்போகும். மண்ணெண்ணெயோ பெட்ரோலோ கலந்தாலும் மசகுத் தன்மை குறைந்து அதே பம்புதான் தேய்கிறது.

இவ்வித்தை சிதறியதற்குக் காரணம், தோட்டமே சிதறியதுதான். 1950-களில் வெள்ளைக்காரக் கம்பெனிகள் தோட்டங்களை விற்றுவிட்டுப் புறப்பட, வாங்கியவர்கள் அவற்றைக் கூறுபோட்டு விற்ற தோட்டத் துண்டாடல் என்னும் பேரிடி தமிழர் குடும்பங்கள்மேல் விழுந்தது. அதைத் தடுப்பதற்காகவே சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் 1960-இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தோற்றுவித்து, தொழிலாளரிடம் மாதம் பத்து வெள்ளியாகச் சேர்த்துத் தோட்டங்களை வாங்கச் செய்தார். சில தோட்டங்கள் பிழைத்தன, பல பிழைக்கவில்லை. பின்னர் ரப்பர் வெட்டப்பட்டுச் செம்பனை வந்தது. ஈப்போவை ஒட்டிய நிலங்களில் வீடமைப்புத் திட்டங்கள் எழுந்தன. கொட்டகை பூட்டப்பட்டபோது டிராக்டர் குத்தகைக்காரரிடம் போயிற்று. அவரிடமிருந்து சிறு நிலக்காரரிடம் போயிற்று. ஆனால் மாலையில் தொட்டியை நிறைக்கும் பழக்கமும், தோம்பைப் படுக்கவைக்கும் பழக்கமும் வண்டியோடு கைமாறவில்லை. கொட்டகையில் பயின்ற பிட்டர் பட்டணத்துப் பட்டறைக்கோ, வேலையற்ற முதுமைக்கோ போய்விட்டார்.

அத்தகைய பழைய பிட்டர் ஒருவர் நோய்ப்பட்ட டிராக்டரைப் பரிசோதிக்கும்போது பக்கத்தில் நின்று கவனிப்பது ஒரு பாக்கியம். வண்டிக்காரர் வந்ததும் பம்பு போய்விட்டது என்பார். புதுப் பம்பின் விலையைக் கேட்டு ஏற்கெனவே கலங்கிப்போயிருப்பார். பெரியவரோ ஸ்பேனரைத் தொடாமல், "பம்பு கெடக்கட்டும் தம்பி, எப்ப நிக்குது? சும்மா நிக்கையிலயா, இழுக்கையிலயா?" என்று கேட்பார். "இழுக்கையிலதாண்ணே. பத்து நிமிசம் ஓடுது, மூச்ச விட்டுருது. கொஞ்ச நேரம் கழிச்சு ஸ்டார்ட் பண்ணா மறுபடி ஓடுது" என்ற பதில் வந்தால், பாதி விடை கிடைத்துவிட்டது. எஞ்சின் இழுக்க இழுக்கத் தொட்டியின் வாயில் ஏதோ வந்து அடைக்கிறது. நின்றவுடன் அது நழுவி விலகுகிறது. மாறாக, எஞ்சின் ஒரே சீராக ஓடாமல் ஏறியும் தாழ்ந்தும் ஓடி வெள்ளைப் புகை தள்ளினால், தண்ணீர் அல்லது காற்று புகுந்திருக்கிறது என்று கொள்ளவேண்டும்.

அடுத்து அவர் பில்டரின் கீழிருக்கும் கண்ணாடிக் கிண்ணத்தைக் கவனிப்பார். அதன் அடித்திருகைத் தளர்த்தி, சுத்தமான வெள்ளைக் கண்ணாடிப் போத்தலை ஏந்துவார். முதலில் செந்துருவின் பொடி மிதக்கும் தண்ணீர் வரும், அதன்பின் கலங்கல், பிறகுதான் தேன் நிறத்தில் தெளிந்த டீசல். கலங்கலை அவர் கொட்டிவிடமாட்டார்; போத்தலை ஓரமாக வைத்து மறுநாள் காலைவரை விட்டுவிடுவார். அப்பொழுது அடியில் கோடு போட்டுப் பிரிந்து நிற்கும் நீரின் அளவு, எவருடைய வாக்குமூலமும் தேவையின்றி விஷயத்தைச் சொல்லிவிடும்.

கடைசியாக வருவதுதான் உத்தமமான பரீட்சை. ஒரு தகர டின்னில் புது டீசலை ஊற்றி எஞ்சினுக்கு மேலே தொங்கவிட்டு, தொட்டியின் குழாயைக் கழற்றி அந்த இடத்தில் டின்னின் குழாயை இணைப்பார். பில்டரின் காற்றுத் திருகைச் சிறிது திறந்து, பீட் பம்பின் நெம்பை விரலால் அடித்து அடித்து, நுரையும் குமிழியும் அற்று டீசல் முழுத்தாரையாக வரும்வரை பொறுத்திருந்து திருகை மூடுவார். இப்பொழுது எஞ்சின் பாரத்தோடும் சீராக ஓடுமானால் பம்பு நிரபராதி. குற்றம் முழுவதும் தொட்டியில். ஆயிரக்கணக்கான வெள்ளியை மிச்சப்படுத்தும் இந்தப் பரீட்சைக்கு ஒரு டின்னும் இரண்டு முழக் குழாயுமே செலவு. இதைச் செய்து பாராமல் பம்பைக் கழற்றும் மெக்கானிக்கிடம் எனக்கு மரியாதை இல்லை.

தொட்டியைத் திறந்து பார்த்தால் சில வேளை கருமையும் பழுப்புமான வழவழப்பான படலம் ஒன்று, கஞ்சி ஆறும்போது மேலே படியும் ஆடையைப் போல, சுவரில் ஒட்டியிருக்கும். இது தூசி அன்று, உயிருள்ளது. நீரும் டீசலும் சந்திக்கும் எல்லையில், நீரிலே வாழ்ந்து டீசலைத் தின்று வளரும் பூஞ்சணமும் நுண்கிருமிகளும் நெய்த வலை அது. அவை கக்கும் அமிலம் தொட்டியின் இரும்பை அரிக்கிறது. கிழிந்த படலம் பில்டரை அடைக்கிறது. பேராக்கின் வெப்பம் இவற்றுக்கு மிக உகந்தது. மருந்து ஊற்றி இதைக் கொன்றாலும், செத்த படலம் பில்டருக்குத்தான் வந்து சேரும். ஆகையால் தொட்டியைக் கழற்றிக் கழுவி உலர்த்துவதே சரியான வழி. தண்ணீர் இல்லையேல் இக்கிருமிகளுக்கு வாழ்வு இல்லை.

இனி, பாரிஸில் நிலக்கடலை எண்ணெயோடு தொடங்கிய கதையின் தொடர்ச்சி. செம்பனை எண்ணெயிலிருந்து டீசல் செய்யும் ஆராய்ச்சி மலேசியாவில் 1980-களிலேயே ஆரம்பமாயிற்று. 2019 முதல் வாகன டீசலில் 10 சதவீதம் செம்பனைச் சத்து கலக்கப்படலாயிற்று. இச்சத்து, மண்ணிலிருந்து எடுத்த டீசலைவிட அதிக ஈரத்தை ஈர்த்து வைத்துக்கொள்ளும். பழைய தொட்டியில் பல ஆண்டுகளாகப் படிந்து கிடக்கும் கசடைக் கரைத்து இளக்கும் குணமும் அதற்கு உண்டு. எனவே நெடுங்காலம் ஓடாமல் கிடந்த டிராக்டரில் இன்றைய டீசலை ஊற்றி ஓட்டினால், சில நாட்களிலேயே பில்டர் அடைத்துக்கொள்ளும். எண்ணெய்க் கடைக்காரர் ஏமாற்றிவிட்டார் என்று கோபிப்பதற்கு முன்னர், அந்தக் கசடு எத்தனை ஆண்டுக் கசடு என்று எண்ணிப் பார்க்கவேண்டும். தொட்டியைக் கழுவி, பில்டரை அடுத்தடுத்து இருமுறை மாற்றினால் பெரும்பாலும் தீர்ந்துவிடும்.

2024 ஜூன் 10-ஆம் தேதி தீபகற்ப மலேசியாவில் டீசல் விலை லிட்டருக்கு 2 வெள்ளி 15 காசிலிருந்து 3 வெள்ளி 35 காசாக உயர்ந்தது. விலை ஏறியபின், தோம்பில் மலிவாகக் கிடைப்பதை வாங்கத் தோன்றும். வாங்கியதை மூலையில் நிமிர்த்தி வைக்கவும் தோன்றும். மலிவின் இலாபம் பம்பின் விலையில் போய்விடும் என்பதை எஞ்சின் கொட்டகைக்காரர்கள் நன்கு அறிவார்கள்.

அவர்களுள் பலர் இப்பொழுது இல்லை. இருப்பவர்கள் ஈப்போவிலும் சுங்கை சிப்புட்டிலும் கோலகங்சாரிலும் பிள்ளைகளின் வீட்டுத் திண்ணைகளில் முதுமையைக் கழிக்கிறார்கள். இதைப் படிக்கும் அன்பர்களுள் எவருடைய தந்தையோ பாட்டனோ தோட்டத்தில் பிட்டராகவோ எஞ்சின் டிரைவராகவோ இருந்திருந்தால், எந்த யந்திரம், எந்தத் தோட்டம், அதற்கு என்ன நோய் வந்தது, எப்படிக் கண்டுபிடித்தார் என்பதையெல்லாம் அவர் வாய்மொழியாகவே கேட்டு, அவருடைய சொற்களிலேயே எழுதி வையுங்கள்.