வழியே இலக்கானபோது

கிளமெண்டி சாலையிலுள்ள பல்கலைக்கழகத்தில் 2006ஆம் ஆண்டு முதல் தமிழ்மொழி, இலக்கியத்தில் இளங்கலைப் பட்டம் பயில வாய்ப்பு இருந்துவருகிறது. சிங்கப்பூரில் உயர்கல்வியில் தமிழுக்கு இடம் தேடிய முயற்சி நெடியது. அதன் வேரை நாடிச் செல்வோர், மொழிக்காகத் தோன்றிய சங்கத்தை அன்று, சாதியை எதிர்த்து எழுந்த ஒரு சங்கத்தையே காண்பர்.

1929ஆம் ஆண்டின் இறுதியில் தந்தை பெரியார் மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் வருகை தந்தார். அவ்வெழுச்சியின் பயனாக 1930களின் தொடக்கத்தில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் உருவாயிற்று. சாதி வேற்றுமை, குடிப்பழக்கம், மூட வழக்கம் ஆகியவற்றைக் களைவதே அதன் நோக்கம். 1935இல் கோ. சாரங்கபாணி தொடங்கிய 'தமிழ் முரசு' அச்சங்கத்தின் குரலாகவே பிறந்தது.

சீர்திருத்தம் பேசியபோது பகையும் உடன் வளர்ந்தது. மொழியோ இந்து, இசுலாமியர், கிறித்தவர் அனைவரையும் ஒருங்கிணைத்தது. இதனை நன்குணர்ந்த சாரங்கபாணி, 1952இல் தமிழர் திருநாளைத் தோற்றுவித்தார். சாதி சமயம் கடந்து தமிழர் ஒன்றுகூடுவதே அதன் கருத்து. பின்னர், சிங்கப்பூரில் அமைந்திருந்த மலாயாப் பல்கலைக்கழகத்தில் தமிழுக்கு இடம்வேண்டிப் போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்னும் நிதி திரட்டப்பட்டது. 1956இல் இந்திய இயல் துறை தொடங்கிற்று.

இவை பெரும் வெற்றிகள். ஆயினும் சாதியை வெல்லும் வழியாக வந்த மொழி, காலப்போக்கில் தானே இலக்காகிவிட்டது. இது எவருடைய துரோகமும் அன்று. மொழிக்கு விழா எடுக்கலாம், அரசும் துணைநிற்கும். 2007 முதல் ஆண்டுதோறும் ஏப்ரலில் தமிழ்மொழி விழா நடைபெறுவதே சான்று. சாதியோ வீட்டின் உள்ளறையில் வாழ்வது. அதனை எதிர்ப்போர்க்கு மாலையும் இல்லை, மேடையும் இல்லை.

நோக்கம் மாறுவது எப்போதும் குற்றமாகாது. அமெரிக்காவில் 1938இல் இளம்பிள்ளை வாதத்தை ஒழிக்கத் தோன்றிய ஓர் அமைப்பு, தடுப்பு மருந்து கண்டறியப்பட்டபின், 1958இல் பிறவிக் குறைகளைப் போக்கும் பணிக்குத் திரும்பிற்று. முதற்பணியில் வெற்றி கண்டே அது அடுத்த பணியை மேற்கொண்டது. நாமும் அவ்வாறு கூற இயலுமா? திருமணப் பேச்சில் சாதியை வினவும் வழக்கம் நம்மிடையே அற்றுப்போயிற்றா?

தமிழுக்கு விழா எடுக்கும் ஒவ்வோர் அமைப்பும், எவரையெல்லாம் ஒன்றுசேர்க்க அவ்விழா தொடங்கப்பட்டது என்பதை ஆண்டுக்கு ஒருமுறையேனும் தன் மேடையிலேயே எண்ணிப்பார்த்தல் வேண்டும். முன்னோர் விட்டுச்சென்ற பணியின் பாதியை நாம் பேணினோம். மறுபாதி இன்னும் நமக்காகக் காத்திருக்கிறது.