ஊசி ஏன் பலிக்கவில்லை?

தட்டம்மை ஒருமுறை வந்து போனவரை மீண்டும் அண்டுவது அரிது என்பதை நீங்கள் அறிவீர்கள். ஆனால் இன்புளுயன்சா என்னும் சளிக்காய்ச்சலோ ஒருவரையே வாழ்நாளில் பலமுறை பிடிக்கிறது. இதன் காரணம் தெளிவாக விளங்க ஏறத்தாழ அரை நூற்றாண்டு ஆயிற்று.

1933-ல் லண்டனில் ஸ்மித், ஆண்ட்ரூஸ், லெய்ட்லா என்ற மூவர், நோயாளி தொண்டையைக் கொப்பளித்த நீரை, கீரியைப் போன்ற ஃபெரெட் என்ற விலங்கின் மூக்கில் விட்டு, மனிதரைத் தாக்கும் இன்புளுயன்சா வைரஸைக் கண்டறிந்தனர். அடுத்த பத்தாண்டுகளில் தடுப்பூசியும் உருவாயிற்று. 1943-ல் அமெரிக்காவில் நடந்த சோதனையில் அது நல்ல பலன் தந்தது. வெற்றி கைக்கு எட்டியதாகவே தோன்றியது.

ஆனால் 1947-ல் மிச்சிகன் பல்கலைக்கழக மாணவர்களிடையே காய்ச்சல் பரவியபோது, ஊசி போட்டுக்கொண்டவர்களும் போடாதவர்களும் ஏறக்குறைய ஒரே விகிதத்தில் நோயுற்றனர். மருந்து கெட்டுவிட்டதா? இல்லை. ஊசி போட்டவர்களின் குருதியில் எதிர்ப்பொருள்கள் உண்டாகியிருந்தன. அவை பழைய வைரஸை அடக்கின; புதிதாக வந்ததை அடக்கவில்லை. வைரஸ்தான் மாறியிருந்தது!

மாற்றம் எங்கே நேர்ந்தது? வைரஸின் மேற்பரப்பில் ஹீமக்ளூட்டினின் என்ற புரதம் முட்களைப்போல நீட்டிக்கொண்டிருக்கிறது. 1981-ல் வில்சன், ஸ்கேஹல், வைலி ஆகியோர் எக்ஸ்-கதிர்களின் உதவியால் அதன் முப்பரிமாண வடிவத்தைக் கண்டனர. முள்ளின் நுனியில் ஒரு சிறு குழி இருந்தது. நம் உயிரணுவின் மேலுள்ள சயாலிக் அமிலத்தை அக்குழியால் பற்றிக்கொண்டுதான் வைரஸ் உள்ளே நுழைகிறது. குழியின் முக்கியமான அமினோ அமிலங்கள் பெரும்பாலும் மாறாதிருந்தன. அதைச் சுற்றிய விளிம்புகளிலோ மாற்றங்கள் மலிந்திருந்தன.

இதன் பொருளை நீங்களே சோதித்துப் பார்க்கலாம். பல்லாங்குழிப் பலகையின் ஒரு குழியை உள்ளங்கையால் மூடுங்கள். கை குழியின்மேல் மட்டும் நிற்காது. சுற்றியுள்ள பலகையிலும் படியும். எதிர்ப்பொருளும் அப்படித்தான், குழியைவிடப் பெரியது. ஆகவே விளிம்பு மாறினால் அதன் பிடி தளர்கிறது.

வைரஸ் திட்டமிட்டு இப்படி மாறுவதில்லை. அதன் ஆர்.என்.ஏ. படியெடுக்கப்படும்போது பிழைகள் நேர்கின்றன. அவற்றைத் திருத்தும் ஏற்பாடு அதனிடம் இல்லை. பிழை குழியைச் சிதைத்தால் அந்த வைரஸ் உயிரணுவைப் பற்ற முடியாமல் அழிகிறது. விளிம்பை மட்டும் மாற்றினால் எதிர்ப்பொருளுக்குத் தப்பிப் பெருகுகிறது. 1968 முதல் 2003 வரை ஹாங்காங் வகை வைரஸில் நேர்ந்த பெரிய மாற்றங்களுக்கெல்லாம், குழியை அடுத்த ஏழே இடங்கள்தாம் பெரும்பாலும் காரணம் என்று 2013-ல் தெரியவந்தது. அப்புரதத்தில் உள்ள அமினோ அமிலங்களோ ஏறத்தாழ 550!

இதனால்தான் உலக சுகாதார நிறுவனம் ஆண்டுதோறும் பிப்ரவரியிலும் செப்டம்பரிலும் பரவிவரும் வைரஸ்களை ஆராய்ந்து, தடுப்பூசியில் சேர்க்க வேண்டியவற்றைப் பரிந்துரைக்கிறது. எளிதில் மாறாத பகுதிகளைக் குறிவைக்கும் ஊசிக்கான ஆராய்ச்சியும் நடைபெறுகிறது. அது கைகூடும்வரை, சென்ற ஆண்டு போட்ட ஊசியே இவ்வாண்டுக்கும் போதும் என்று இருந்துவிடாதீர்கள். 1947 புகட்டிய பாடம் அதுவே.