டொலீடோ மாயாக்களின் காடும் நில உரிமையும்

டொலீடோ பெலீஸ் நாட்டின் தென்கோடி மாவட்டம். இங்கே மோபான், கெக்சி என்னும் இரு மாயா மக்கள் சுமார் நாற்பது ஊர்களில் வாழ்கிறார்கள். மழைக்காட்டை அவர்கள் ஆண்டுவரும் முறை நூற்றாண்டுக்கும் மேலாக அரசோடு உரசி, கடைசியில் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றம் வரை போனது.

இந்த முறையின் அடிப்படை மில்பா என்னும் புனம். ஆண்டின் தொடக்கத்தில் ஒரு துண்டுக் காட்டை வெட்டிக் காயவிடுவார்கள். ஏப்ரல், மே வெயிலில் எரிப்பார்கள். மழை இறங்கும் தறுவாயில் கூர்முனைக் கழியால் குழி குத்தி மக்காச்சோளம் இடுவார்கள். விளைச்சல் எடுத்தபின் நிலம் பல ஆண்டுகள் காடாகவே வளர விடப்படும். வாமில் எனப்படும் இந்த இளங்காடு வெளியார் கண்ணுக்குக் கைவிட்ட நிலம். ஊராருக்கோ விறகும் மூலிகையும் வேட்டையும் அங்கேதான். முதலில் திருத்திய குடும்பமே திரும்பி வந்து விதைக்கும் என்பதும் எழுதாத சட்டம். ஆற்றோர ஈரமண்ணில் மத்தாம்ப்ரே என்னும் இரண்டாம் போகம் உண்டு. அதற்கு எரிப்பதே இல்லை. வெட்டிய புதரையே மூடாக்காகப் பரப்பி விதைப்பார்கள். மில்பாவை வெறும் காட்டழிப்பு என்று எழுதிய அதிகாரிகள் இதைக் கணக்கில் எடுத்ததாகத் தெரியவில்லை.

ஒவ்வொரு மலைக்கும் த்சூல்தக்கா என்ற தெய்வம் உடைமையாளர் என்பது கெக்சி நம்பிக்கை. எனவே நடவுக்கு முன் கோப்பால் பிசினைப் புகைத்து அவரிடம் அனுமதி கேட்பார்கள். நடவன்று அண்டை வீட்டு ஆண்கள் வரிசையாக நின்று விதைப்பார்கள். கூலி கிடையாது, புனத்துக்காரர் வீட்டில் விருந்து, பிறகு அவரும் மற்றவர் புனத்தில் இறங்கியாக வேண்டும். நிலத் தகராறுகளை அல்கால்தே என்னும் ஊர்த்தலைவர் தீர்த்துவைப்பார்.

17ஆம் நூற்றாண்டின் இறுதியில் ஸ்பானியர் இப்பகுதியின் மாஞ்சே சோல் மாயாக்களைப் பிடித்துக் குவாத்தமாலா மேட்டுநிலத்துக்கு ஓட்டிச் சென்றனர். குவாத்தமாலாவின் வரிக்கும் கட்டாய வேலைக்கும் தப்பிய மோபான் குடும்பங்கள் 1880களில் சான் அன்டோனியோவை நிறுவின. காப்பித் தோட்டங்களுக்கு நிலமிழந்த கெக்சிகளும் அதே காலத்தில் ஆல்ட்டா வெரப்பாஸிலிருந்து வந்தனர். இவர்கள் வந்தேறிகள், ஆகவே தொல்லுரிமை இல்லை என்று அரசு பின்னாளில் வாதிட்டது இதை வைத்துத்தான். பிரிட்டிஷ் ஆட்சி சில ஒதுக்கு நிலங்களை அளித்தது. ஆனால் பல ஊர்கள் அவற்றுக்கு வெளியிலேயே இருந்தன.

சிக்கல் முற்றியது 1990களில். மாவட்டத்தில் சுமார் 5 லட்சம் ஏக்கரில் மரம் வெட்ட அரசு உரிமம் வழங்கியது. மலேசிய முதலீட்டு நிறுவனங்களும் அதில் இருந்தன. 1994இல் சார்ஸ்டூன்-டெமாஷ் தேசியப் பூங்காவை அறிவித்தபோது சுற்றியிருந்த ஊர்களை யாரும் கேட்கவில்லை. பின்னர் அதே பூங்காவில் எண்ணெய் தேடவும் அனுமதி தரப்பட்டது. மில்பா காட்டுக்கு ஆபத்து என்ற வாதத்தை அதற்குப் பிறகும் நம்புவது கடினம்.

டொலீடோ மாயா பண்பாட்டு மன்றமும் அதன் தலைவரான ஆசிரியர் ஜூலியன் சோவும் எதிர்ப்பை முன்னின்று நடத்தினர். 1997இல் வெளியான 'மாயா அட்லஸ்' நூலுக்காக ஊரார் தங்கள் வேட்டைத் தடங்களையும் புனங்களையும் புனித இடங்களையும் தாங்களே வரைபடமாக்கினார்கள். 2004இல் அமெரிக்க நாடுகளுக்கிடையேயான மனித உரிமை ஆணையம் அவர்கள் பக்கம் முடிவு சொன்னது. 2007 அக்டோபரில் சாண்டா க்ரூஸ், கொனேஹோ ஊர்களின் வழக்கில் தலைமை நீதிபதி அப்துலாய் கான்டே வழக்காற்று உரிமையை அரசியலமைப்பு காக்கும் சொத்தாக ஏற்றார். முந்தைய மாதம்தான் நிறைவேறியிருந்த ஐ.நா. பழங்குடி உரிமைப் பிரகடனத்தையும் எடுத்துக்காட்டினார். 2010இல் தீர்ப்பு மற்ற மாயா ஊர்களுக்கும் விரிந்தது. 2015 ஏப்ரலில் நாட்டின் உச்ச மேல்முறையீட்டு மன்றமான கரீபிய நீதிமன்றத்தில் அரசும் ஊர்களும் உடன்பாட்டுக்கு வந்து, டொலீடோவின் மாயா ஊர்கள் அனைத்துக்கும் இவ்வுரிமை உறுதியானது.

எல்லை அளந்து பதிவு செய்யும் வேலை அதன் பின்னரும் இழுபறியாகவே நடக்கிறது. வங்கிக் கடனுக்குத் தனிப்பட்டா வேண்டும் என்போரும் பொதுநிலம் உடையக் கூடாது என்போரும் மாயாக்களிடையிலேயே உண்டு. அடுத்தடுத்த ஊர்கள் எந்த ஓடையை எல்லையாகக் கொள்வது என்பதை அல்கால்தேக்கள்தான் கூடிப் பேசி முடிக்க வேண்டியுள்ளது.