கோலாலம்பூரில் பிறந்த நம்பிக்கையும் அதை முறித்த நொதியும்

தானா ராத்தாவைச் சுற்றியுள்ள மலைச் சரிவுகளில் தேயிலை வேர்விட்டு ஒரு நூற்றாண்டு நெருங்குகிறது. ஜே.ஏ. ரசல் 'போ' தேயிலைத் தோட்டத்தைத் தொடங்கியது 1929-இல். காட்டை அழித்துக் கன்று நட்டவர்களில் ஏராளமானோர் தமிழர்கள். அந்தத் தலைமுறையில் ஒருவருக்கு டைபாய்டு வந்தால் என்ன மருந்து கொடுத்திருப்பார்கள்?

ஒன்றும் இல்லை. கேமரன் மலையில் மட்டுமல்ல, உலகின் எந்தப் பெரிய மருத்துவமனையிலும் இல்லை. மூன்று, நான்கு வாரம் காய்ச்சல் எரிக்கும். கஞ்சியும் ஈரத்துணியும்தான் வைத்தியம். குடலில் ஓட்டை விழுந்தால் உயிருக்கு உத்தரவாதம் கிடையாது. நோய் கண்ட பத்துப் பேரில் ஒருவரோ இருவரோ இறந்து போவார்கள்.

இந்த நிலையை மாற்றிய கண்டுபிடிப்பு லண்டனிலோ நியூயார்க்கிலோ நடக்கவில்லை. நடந்த இடம் கோலாலம்பூர். ஆண்டு 1948.

தவறாகக் கணித்த ஒரு நோயாளி

வெனிசுவேலா நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு நுண்ணுயிரியிலிருந்து 1947-இல் குளோராம்பெனிகால் என்ற மருந்து பிரித்தெடுக்கப்பட்டது. இது ஸ்க்ரப் டைபஸ் என்னும் உண்ணிக் காய்ச்சலைக் குணமாக்குமா என்று சோதிக்க ஓர் ஊர் தேவைப்பட்டது. லாலாங் புற்களில் வாழும் சிற்றுண்ணிகள் பரப்பும் இந்தக் காய்ச்சல் மலாயாத் தோட்டப்புறங்களுக்குப் பழக்கப்பட்ட ஒன்று. கோலாலம்பூர் மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தைச் சேர்ந்த லூத்வெயிட்டும் சவூரும் பல ஆண்டுகளாக இதை ஆராய்ந்து வந்தவர்கள். ஆகவே, ஜோசப் ஸ்மேடல் தலைமையிலான அமெரிக்கக் குழு 1948 மார்ச்சில் கோலாலம்பூருக்கு வந்தது.

உண்ணிக் காய்ச்சல் எதிர்பார்த்தபடியே அடங்கியது. எதிர்பாராதது இன்னொன்று. உண்ணிக் காய்ச்சல் என்று நினைத்து மருந்து கொடுக்கப்பட்ட ஒரு நோயாளிக்கு உண்மையில் இருந்தது டைபாய்டு என்பது பிறகுதான் தெரிந்தது. ஆனால் அவர் தேறிவிட்டார்! உடனே குழு டைபாய்டு நோயாளிகள் பக்கம் திரும்பியது. பத்துப் பேருக்கு மருந்து கொடுத்தார்கள். வாரக்கணக்கில் எரிய வேண்டிய காய்ச்சல் சராசரியாக மூன்றரை நாளில் இறங்கியது. அதே ஆண்டில் வெளிவந்த அந்த அறிக்கையில் உட்வர்ட், ஸ்மேடல் ஆகியோருடன் மன்கிகர் என்ற மருத்துவரின் பெயரும் இருக்கிறது.

டைபாய்டுக்கு மனித குலம் கண்ட முதல் ஆண்டிபயாடிக் இதுதான். உலகெங்கும் கோடிக்கணக்கான குடும்பங்கள் இதனால் பிழைத்தன. இனி டைபாய்டைப் பற்றிக் கவலை இல்லை என்ற எண்ணம் அடுத்த இருபது ஆண்டுகளில் வேரூன்றிவிட்டது.

சாவியில் அப்பிய மெழுகு

ஆனால் கிருமிகள் சும்மா இருக்கவில்லை.

பாக்டீரியா உயிர்வாழப் புரதம் வேண்டும். அதைத் தயாரிக்கும் பட்டறைக்கு ரைபோசோம் என்று பெயர். குளோராம்பெனிகால் அந்தப் பட்டறையில் ஒட்டிக்கொண்டு வேலையை நிறுத்திவிடுகிறது. எதிர்ப்புச் சக்தி பெற்ற பாக்டீரியாவோ ஒரு நொதியை, அதாவது என்சைமை, உற்பத்தி செய்கிறது. அந்த நொதி மருந்தின் மேல் அசிட்டைல் என்னும் சிறு வேதித் துண்டைப் பொருத்துகிறது. அவ்வளவுதான். சாவியின் பல்லில் மெழுகை அப்பிவிட்டால் பூட்டு திறக்குமா? மருந்து உடலுக்குள் இருந்தும் பயனற்றுப் போகிறது. 1967-இல் வில்லியம் ஷா இந்த நொதியை விவரித்தார்.

நொதி மருந்தை முறிப்பது இது முதல் தடவையன்று. பெனிசிலின் மருந்தாகப் பொதுமக்களை எட்டும் முன்பே, 1940-இல், அதைச் சிதைக்கும் பெனிசிலினேஸ் நொதியை ஏப்ரகாமும் செயினும் கண்டறிந்து எழுதிவிட்டார்கள். கனடாவில் 30,000 ஆண்டுப் பழமையான உறைமண்ணிலும் எதிர்ப்பு மரபணுக்கள் இருப்பதை 2011-இல் ஆய்வாளர்கள் காட்டினார்கள். மண்ணில் நுண்ணுயிர்கள் ஒன்றையொன்று கொல்ல வேதிப்பொருளும், தப்பிக்க நொதியும் வைத்துக்கொண்டு காலங்காலமாகப் போரிட்டு வருகின்றன. மனிதன் அந்தச் சண்டையில் அண்மையில்தான் நுழைந்தான்.

இதைவிட அச்சம் தரும் செய்தி ஜப்பானிலிருந்து 1959-இல் வந்தது. வயிற்றுக்கடுப்பை உண்டாக்கும் ஷிகெல்லா கிருமி பல மருந்துகளுக்கான எதிர்ப்பை ஒரே மூட்டையாக வேறு இனப் பாக்டீரியாவுக்குக் கொடுத்துவிட முடியும் என்று தெரிந்தது. பிளாஸ்மிட் எனப்படும் சிறு மரபணு வளையம்தான் அந்த மூட்டை. பிள்ளைக்குச் சொத்து எழுதுவது உலக வழக்கம். கிருமியோ பக்கத்தில் நிற்கும் அந்நியனுக்கும் எழுதிக் கொடுக்கிறது.

கோழிக்கோட்டில் அடித்த மணி

1972-இல் இரண்டு இடங்களில் மணி அடித்தது. மெக்சிகோவில் 10,000-க்கும் அதிகமானோரைத் தாக்கிய டைபாய்டுக்குக் குளோராம்பெனிகால் பலிக்கவில்லை. அதே ஆண்டில் கேரளத்தின் கோழிக்கோட்டிலும் அதே கதை. அங்கு ஆராய்ந்த பணிக்கரும் விமலாவும், இந்த எதிர்ப்பு பிற பாக்டீரியாவுக்குக் கடத்தக்கூடியது என்று 'நேச்சர்' இதழில் எழுதினார்கள். கோலாலம்பூர் வெற்றிக்கு அப்போது வயது 24 மட்டுமே.

அதன் பிறகு மருந்து மாற்றி மருந்து வந்தது. கிருமியும் விடவில்லை. 2016-இல் பாகிஸ்தானின் சிந்து மாநிலத்தில் தலைதூக்கிய டைபாய்டுக் கிருமி, செஃப்ட்ரையாக்சோன் ஊசி மருந்தையே சிதைக்கும் நொதியைப் பெற்றிருந்தது. மாத்திரைகளில் அசித்ரோமைசின்தான் முக்கியமாக மிஞ்சியது.

தமிழகமும் தப்பவில்லை. கடைசி ஆயுதமாக வைத்திருந்த கார்பபெனெம் மருந்துகளையும் உடைக்கும் என்.டி.எம்.-1 நொதி பற்றிய பெரிய ஆய்வு 2010-இல் வெளியானது. அதன் முதல் ஆசிரியர் சென்னைப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த குமாரசாமி கார்த்திகேயன். சென்னையில் மட்டும் 44 கிருமி மாதிரிகளில் அந்த நொதி இருந்தது. இந்திய மருத்துவ அமைப்புகள் 2012-இல் 'சென்னைப் பிரகடனம்' வெளியிட்டு, மருத்துவர் சீட்டின்றி ஆண்டிபயாடிக் விற்பதைக் கட்டுப்படுத்தக் கோரின.

மலேசியாவில் அந்தச் சட்டம் முன்பே இருக்கிறது. ஆனால் சட்டம் வீட்டு அலமாரிக்குள் எட்டிப் பார்க்காது. மகனுக்குக் கொடுத்ததில் மிச்சமான மாத்திரையைத் தாய் விழுங்குவதும், வைரஸால் வரும் சளிக்கு ஆண்டிபயாடிக் கேட்டு கிளினிக்கில் அடம்பிடிப்பதும் நம் வீடுகளில் நடப்பவை. ஒவ்வொரு வீண் மாத்திரையும் சாதுவான கிருமிகளைக் கொன்று, நொதி வைத்திருப்பவற்றுக்கு இடம் ஒழித்துத் தருகிறது.

ஆறுதலான செய்தி ஒன்றும் உண்டு. இந்தியாவின் பல பகுதிகளில் குளோராம்பெனிகாலின் பயன்பாடு குறைந்த பிறகு, அதற்குப் பணியும் டைபாய்டுக் கிருமிகள் மறுபடி பெருகியுள்ளன. இரத்த உற்பத்தியையே நிறுத்திவிடும் அரிய பின்விளைவு இருப்பதால் அந்த மருந்தைப் பழையபடி தாராளமாகக் கொடுக்க முடியாது. ஆனாலும் பாடம் தெளிவு. மருந்தை அடக்கிப் பயன்படுத்தினால் கிருமியும் அடங்க வாய்ப்பு உண்டு.

டைபாய்டு பரவுவது அசுத்தமான தண்ணீராலும் உணவாலும். தூய குடிநீர், கழிப்பறை, கைகழுவுதல், தடுப்பூசி ஆகிய நான்கையும் முறிக்க எந்த நொதியாலும் முடியாது. 1948-இல் பத்து நோயாளிகளைக் கொண்டு கோலாலம்பூர் உலகுக்கு ஒரு மருந்தின் அருமையைக் காட்டியது. இருக்கிற மருந்துகளை அடுத்த தலைமுறைக்கு மிச்சம் வைப்பது, சீட்டு எழுதும் மருத்துவரின் கையிலும் அதைக் கேட்டு வாங்கும் நோயாளியின் கையிலும் இருக்கிறது.