மாண்ட்ரியல் நகரில் பெண்கல்வி

கனடாவின் கியூபெக் மாகாணத்திலுள்ள மாண்ட்ரியலில் முதல் பள்ளியைத் தொடங்கியவர் ஒரு பெண். பிரான்சிலிருந்து 1653இல் வந்த மார்கெரித் பூர்ஷ்வா, 1658 ஏப்ரல் 30 அன்று ஒரு கல் தொழுவத்தில் சிறுவர் சிறுமியரைச் சேர்த்து உட்காரவைத்துப் பாடம் தொடங்கினார். அவர் நிறுவிய நோத்ருதாம் சபைக் கன்னியர் தலைமுறை தலைமுறையாகப் பெண்களுக்கு எழுத்தறிவித்தனர். உயர்கல்வி மட்டும் இரு நூற்றாண்டுக்கு மேல் எட்டாமலே இருந்தது.

அந்நகரின் ஆங்கிலவழி மெக்கில் பல்கலைக்கழகம் 1884இல் பெண்களைச் சேர்த்தது. செல்வந்தர் டொனால்ட் ஸ்மித் அதற்கென 50,000 டாலர் கொடுத்தார். பெண்களுக்குத் தனி வகுப்பு என்பது ஏற்பாடு. அந்த மாணவியருக்கு அவர் பெயராலேயே ‘டொனால்டாக்கள்’ என்று பெயர் விழுந்தது. அவர்களில் ஒருவர் மாட் அபட். 1890இல் தங்கப்பதக்கத்தோடு பட்டம் பெற்றும், மருத்துவம் படிக்க மெக்கில் அவருக்கு இடம் தரவில்லை. அதே நகரில் பிஷப்ஸ் கல்லூரியில் படித்து 1894இல் மருத்துவரானார். பிறகு மெக்கிலின் மருத்துவ அருங்காட்சியகத்திலேயே வேலைக்குச் சேர்ந்து, அங்கே பதப்படுத்தி வைத்திருந்த இதயங்களை ஆராய்ந்து, பிறவி இதயக் குறைபாடுகளில் உலகறிந்த வல்லுநரானார். 1910இல் மெக்கில் அவருக்குக் கௌரவ மருத்துவப் பட்டம் அளித்தது. மருத்துவப் படிப்பில் பெண்களைச் சேர்த்ததோ 1918இல்தான். சென்னை மருத்துவக் கல்லூரியில் 1875இலேயே பெண்கள் படிக்கத் தொடங்கியிருந்தனர் என்பதை இங்கே நினைத்துக்கொள்ள வேண்டும்.

பிரெஞ்சுக் கத்தோலிக்கப் பெண்கள் இன்னும் காத்திருந்தனர். நோத்ருதாம் கன்னியர் 1908இல் அவர்களுக்கு உயர்கல்விப் பள்ளி தொடங்கினர். அங்கே படித்த மரீ ஜெரன்-லாஜுவா 1911இல் மாகாணத் தேர்வில் முதலிடம் பெற்றார்; பரிசை இரண்டாமிடம் வந்த ஆணுக்குக் கொடுத்தார்கள். பட்டம் கிடைத்தவர்க்கும் தொழில் கிடைக்கவில்லை. ஆனி லாங்ஸ்டாஃப் 1914இல் மெக்கிலில் சட்டம் முடித்தார். கியூபெக் வழக்கறிஞர் மன்றம் பெண்களை ஏற்றது 1941இல்.

பள்ளிகளில் மாற்றம் சட்டத்தால் வந்தது. 1943இல் கட்டாயக் கல்விச் சட்டம் நிறைவேறியது. மாகாணக் கல்வியை ஆராய 1961இல் அமைந்த பேரன் ஆணையத்தில் ழான் லப்புவாந்த், கன்னியர் கிஸ்லேன் ரோக்கே ஆகிய இரு பெண்கள் இருந்தனர். பெண்பிள்ளைக்கும் ஆண்பிள்ளைக்கும் ஒரே கல்வி என்பதை அந்த ஆணையம் வலியுறுத்தியது. கல்வி அமைச்சகம் 1964இலும், சேஜெப் எனும் பொதுக் கல்லூரிகள் 1967இலும் அதன் விளைவாகப் பிறந்தன.

கல்விக் கதவுகள் திறந்த பின்னும் எதிர்ப்பு ஓயவில்லை. 1989 டிசம்பர் 6 அன்று மாண்ட்ரியலின் எக்கோல் பொலிடெக்னிக் பொறியியல் கல்லூரிக்குள் துப்பாக்கியோடு நுழைந்தவன், ஒரு வகுப்பில் ஆண்களை வெளியேற்றிவிட்டுப் பெண்களைச் சுட்டான். அன்று 14 பெண்கள் இறந்தனர். அவர்கள் நினைவாக அக்கல்லூரி 2014இல் வெள்ளை ரோஜா உதவித்தொகையை ஏற்படுத்தியது. பொறியியலில் மேற்படிப்புக்குப் போகும் கனடியப் பெண்களில் அதற்குத் தேர்வாகிறவர் எந்தப் பல்கலைக்கழகத்தைத் தேர்ந்தெடுத்தாலும் அது கிடைக்கும்.