சோளமும் வாய்ப்புண்ணும்: பெலக்ரா நோயின் சமூக வரலாறு

வாய்ப்புண் அடிக்கடி தோன்றுமாயின் அதனை உடற்சூட்டின் விளைவென்று கொண்டு கீரைக்கறி சமைத்துக் கொடுப்பது எம்மவர் வழக்கம். இரும்புச்சத்து, போலிக் அமிலம், விற்றமின் பீ12 ஆகியவற்றின் குறைவு வாய்ப்புண்ணுக்கு ஒரு காரணமாகலாம் என்பதை மருத்துவமும் ஏற்றுக்கொள்கின்றது. ஆயின், அச்சத்துகள் ஒருவரது உணவில் ஏன் குறைந்தன என்னும் வினா வரலாற்றுக்கும் உரியதாகும். இதற்குப் பெலக்ரா நோயின் வரலாறு தக்க சான்று பகர்கின்றது.

நாச் சிவந்து வாய் புண்ணாதல், வெயில் படும் தோல் கருகித் தடித்தல், வயிற்றோட்டம், மனத்தடுமாற்றம், ஈற்றில் மரணம் என்பன இந்நோயின் இயல்புகளாம். 1735ஆம் ஆண்டு ஸ்பானிய மருத்துவரான கஸ்பார் கசால், அஸ்தூரியாஸ் பகுதியின் ஏழை விவசாயிகளிடையே இதனை அவதானித்தார். அமெரிக்காவிலிருந்து ஐரோப்பாவுக்கு வந்த சோளமே அவர்களது முதன்மை உணவாக விளங்கியது. சோளத்தைச் சுண்ணாம்பு நீரில் அவித்துண்ட மெக்சிக்கோவின் பூர்வ குடிகளிடம் இந்நோய் பரவவில்லை. சோளத்திற் கட்டுண்டு கிடக்கும் நயசின் என்னும் சத்தைச் சுண்ணாம்பு விடுவித்தமையே இதற்குக் காரணமாகும். ஐரோப்பியர் பயிரைக் கொண்டுசென்றனரேயன்றி, அதனைச் சமைக்கும் பக்குவத்தைக் கொண்டுசெல்லவில்லை.

20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் ஐக்கிய அமெரிக்காவின் தென் மாநிலங்களில் இந்நோய் பெருகியது. நிலமெங்கும் பருத்தியே பயிரிடப்பட்டமையால், குத்தகை விவசாயியும் ஆலைத் தொழிலாளியும் சோளமா, பன்றிக்கொழுப்பு, வெல்லப்பாகு ஆகியவற்றையே பெரிதும் நம்பி வாழ்ந்தனர். எனினும் இதனைத் தொற்றுநோய் என்றே மருத்துவர் பலர் கருதினர். 1914இல் ஆய்வுப் பொறுப்பை ஏற்ற யோசப் கோல்ட்பேர்கர், மனநோய் விடுதிகளில் நோயாளிகளைப் பீடித்த பெலக்ரா அங்கு பணிபுரிந்த ஊழியரைப் பீடியாமையைக் கண்டார். 1915இல் மிசிசிப்பிச் சிறைப்பண்ணையொன்றில் 11 கைதிகளுக்குச் சோளம் மிகுந்த உணவு மட்டும் அளிக்கப்பட்டபோது 6 பேர் நோயுற்றனர். விடுதலை வாக்குறுதியின் பேரில் நிகழ்ந்த இச்சோதனை இன்றைய அறநெறிக்கு ஒவ்வாதது. மறு ஆண்டு அவர் நோயாளியின் குருதியைத் தம் உடலிலும் செலுத்தி, நோய் தொற்றாதென நிறுவினார்.

பின்னர், பொருளியலாளரான எட்கர் சைடன்ஸ்ரிக்கருடன் இணைந்து தென் கரோலினாவின் ஆலைக் கிராமங்களை ஆராய்ந்தபோது, வருமானம் குறையக் குறைய நோய் மிகுவது புலனாயிற்று. நோயின் வேர் வறுமையே என்னும் இம்முடிவு எளிதில் ஏற்கப்படவில்லை. பஞ்சமும் பெலக்ராவும் பெருகுமென 1921இல் ஜனாதிபதி ஹார்டிங் எச்சரித்தபோது, தம் பிரதேசம் இழிவுபடுத்தப்பட்டதெனத் தென்னகத் தலைவர்கள் சினந்தனர்.

1927இல் மிசிசிப்பி ஆறு பெருக்கெடுத்தபோது, மலிவான மதுவம் மக்களுக்கு மருந்தாக வழங்கப்பட்டது. கோல்ட்பேர்கர் 1929இல் மறைந்தார். 1937இல் கொன்ராட் எல்வேஜெம், நாய்களில் இதனையொத்த கருநாக்கு நோயை நிக்கொற்றினிக் அமிலத்தாற் குணப்படுத்தினார். 1940களில் மாவில் அச்சத்து சேர்க்கப்பட, பெலக்ரா அங்கு அருகியது.

நோயை நீக்கும் சத்து மலிவானதே. அதனை ஏழையின் உணவிலிருந்து அகற்றியது இயற்கையன்று. ஒற்றைப் பயிரும் குத்தகை முறையும் குறைந்த கூலியுமே. வாய்ப்புண்ணைக் காணும் மருத்துவர் நோயாளியின் உணவு யாதென வினவுவர். அவ்வுணவை நிர்ணயித்தவர் யாவர் என வினவுதல் வரலாற்று மாணவரின் கடமையாகும்.