புல்லட்டுக்கு முன்னால் ஒரு துப்பாக்கி

ஒரகடம் பக்கம் போனவர்களுக்குத் தெரியும். ரோட்டின் இரண்டு பக்கமும் கம்பெனிகள், ஷிஃப்ட் பஸ்கள், கன்டெய்னர் லாரிகள். ராயல் என்ஃபீல்டு இங்கே 2013ல் ஆலை தொடங்கியது. 2017ல் பக்கத்தில் வல்லம் வடகாலில் இன்னொன்று வந்தது. அங்கிருந்து லாரியில் ஏறிப் போகும் வண்டிகளைப் பார்க்கும் எவருக்கும் துப்பாக்கி ஞாபகம் வராது. ஆனால் அந்தப் பெயரே ஒரு துப்பாக்கியிலிருந்து வந்ததுதான்!

என்ஃபீல்டு என்பது லண்டனுக்கு வடக்கே உள்ள ஓர் ஊர். பிரிட்டிஷ் அரசின் துப்பாக்கித் தொழிற்சாலை 1816ல் அங்கே தொடங்கியது. 1890களின் தொடக்கத்தில் ரெட்டிச் என்ற ஊரைச் சேர்ந்த ஒரு சைக்கிள் கம்பெனிக்கு, அந்தத் தொழிற்சாலைக்கு உதிரி பாகங்கள் செய்து தரும் காண்ட்ராக்ட் கிடைத்தது. அரசாங்க ஆர்டர் என்றால் சும்மாவா? அந்தப் பெருமையைக் காட்ட சைக்கிளுக்கு 'என்ஃபீல்டு' என்று பெயர் வைத்தார்கள். பிறகு 'ராயல்' சேர்ந்தது. துப்பாக்கி போலவே செய்யப்பட்டது என்பதுதான் விளம்பர வாசகம். 1901ல் மோட்டார் சைக்கிள் வந்தது. 1955ல் மெட்ராஸ் மோட்டார்ஸுடன் கூட்டு சேர்ந்து, அந்தப் பெயர் திருவொற்றியூருக்கு வந்து சேர்ந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த விளம்பர வாசகம் வெறும் அலட்டல் இல்லை. 1850களுக்கு முன் துப்பாக்கியை ஆசாரிகளும் கொல்லர்களும் அரம் போட்டுத் தேய்த்துப் பொருத்துவார்கள். ஒரு துப்பாக்கியின் பாகம் இன்னொன்றில் சேராது. அமெரிக்காவில் வெர்மான்ட் மாநிலத்தில் இதற்கு இயந்திரம் கண்டுபிடித்து, எல்லாப் பாகமும் ஒரே அளவில் வரும்படி செய்துகொண்டிருந்தார்கள். பிரிட்டிஷ் அரசு அந்த இயந்திரங்களை விலைக்கு வாங்கி என்ஃபீல்டில் நிறுத்தியது. ஒரு கம்பெனி செய்த பாகம் இன்னொரு கம்பெனியின் வண்டியில் அப்படியே பொருந்துகிறது என்பதை நம்பித்தான் இன்று ஒரகடமே ஓடுகிறது. அந்தப் பாடத்தைத் தொழில் உலகம் முதலில் படித்த இடங்களில் துப்பாக்கிப் பட்டறையும் ஒன்று.

சரி, அந்தத் துப்பாக்கி இந்தியாவுக்கு என்ன செய்தது?

1853 மாடல் என்ஃபீல்டின் குழலுக்குள் மூன்று வரிப்பள்ளங்கள் உண்டு. குண்டு சுழன்றுகொண்டே போகும். பழைய மஸ்கட் சுமார் நூறு கஜத்துக்கு மேல் குறி தவறும். இதுவோ பல நூறு கஜம் தாண்டி அடிக்கும். இதன் தோட்டாக் காகிதத்தைப் பல்லால் கடித்துப் பிரிக்க வேண்டும். அதில் தடவியது மாட்டுக் கொழுப்பு, பன்றிக் கொழுப்பு என்ற பேச்சு பரவியது. அடுத்து நடந்தது 1857. மற்ற காரணங்கள் எத்தனையோ இருந்தாலும், பொறி இந்தத் தோட்டாதான்.

அதற்குப் பிறகு வெள்ளைக்காரன் செய்த காரியத்தைக் கவனிக்க வேண்டும். இந்தியச் சிப்பாய்களுக்கென்றே, பார்வைக்கு அதே என்ஃபீல்டு போலவும் ஆனால் குழலில் வரிப்பள்ளம் இல்லாமலும் தனியாகத் துப்பாக்கி செய்தான். சிப்பாய் சுடலாம், ஆனால் வெள்ளைக்காரச் சிப்பாய் அளவுக்குக் குறி பார்த்துச் சுட முடியாது! நம்பிக்கையில்லை என்பதை இரும்பிலேயே செதுக்கிக் கொடுத்தது போல.

1878ல் ஆயுதச் சட்டம் வந்தது. இந்தியர்கள் துப்பாக்கி வைக்க லைசென்ஸ் வேண்டும். ஐரோப்பியர்களுக்கு விலக்கு. 1887 டிசம்பரில் சென்னையில் நடந்த காங்கிரஸ் மாநாட்டில் இந்தச் சட்டத்தை மாற்றச் சொல்லித் தீர்மானமே போட்டார்கள். அப்போது காங்கிரசுக்கு வயது இரண்டு!

1895ல் லீ-என்ஃபீல்டு வந்தது. .303 அங்குலக் குழல், மேகஸினில் பத்துத் தோட்டா. நம் ஊர் வாயில் 'த்ரீ நாட் த்ரீ'. பழகிய சிப்பாய் நிமிடத்துக்குப் பதினைந்து முறை குறி பார்த்துச் சுடுவான். வங்காளத்தில் இசாப்பூர் தொழிற்சாலையிலும் இது தயாரானது. அங்கேயும் பழைய புத்தி போகவில்லை. போலீசுக்கும் காவலர்களுக்கும் கொடுக்க, வரிப்பள்ளம் இல்லாத .410 மஸ்கட்டாக இதை மாற்றினார்கள். ஒரு தடவைக்கு ஒரே தோட்டா. மேகஸின் இருந்த இடத்தை மரக்கட்டை வைத்து அடைத்துவிட்டார்கள்.

இரண்டு உலகப் போர்களிலும் இந்தியச் சிப்பாய்கள் தூக்கியது த்ரீ நாட் த்ரீதான். சுதந்திரத்துக்குப் பிறகு போலீஸ்காரர் தோளிலும் அதுவே. என்.சி.சி.யில் இருந்தவர்கள் பலர், வெள்ளைப் பட்டை அடித்த, சுட முடியாத 'டி.பி.' ரைஃபிளைத் தூக்கிப் பரேடு போயிருப்பார்கள். உத்தரப் பிரதேச போலீஸ் 2020 குடியரசு தினத்தன்றுதான் இதற்கு விடை கொடுத்தது.

இன்று அமெரிக்காவிலும் பிரிட்டனிலும் பழைய ராணுவ ரைஃபிள்களைச் சேர்ப்பது ஒரு பொழுதுபோக்கு. முத்திரையையும் வருடத்தையும் பார்த்து வாங்கி, ஞாயிற்றுக்கிழமை மைதானத்தில் சுட்டுப் பார்க்கிறார்கள். இசாப்பூர் முத்திரை போட்டவையும் அங்கே போய்ச் சேர்ந்திருக்கின்றன. கனடாவின் வடக்குப் பகுதி ரேஞ்சர்கள் 2010களின் பிற்பாதி வரை லீ-என்ஃபீல்டைத்தான் வேலைக்கே பயன்படுத்தினார்கள்.

இங்கே அது நடக்காது. 1959 சட்டம் வெள்ளைக்காரனுக்கு ஒரு நியாயம், நமக்கு ஒரு நியாயம் என்பதை ஒழித்தது. ஆனால் லைசென்ஸ் முறையை வைத்துக்கொண்டது. .303 சாதாரண லைசென்ஸில் கிடைக்காத, தடை செய்யப்பட்ட ரகம். அதனால்தான் அதே லீ-என்ஃபீல்டு அமைப்பில், ராணுவத் தோட்டா நுழையாத .315 ரைஃபிளை அரசுத் தொழிற்சாலை பொதுமக்களுக்காகச் செய்தது. 2019 திருத்தத்துக்குப் பிறகு ஒருவர் வைத்துக்கொள்ளக்கூடிய துப்பாக்கிகள் மூன்றிலிருந்து இரண்டாகக் குறைந்தன. இரண்டை வைத்துக்கொண்டு என்ன கலெக்ஷன் செய்வது? சுடவே முடியாத பழம்பொருளுக்கு மட்டும் சட்டத்தில் விலக்கு உண்டு. பக்கத்தில் குடகு மக்களுக்கு வெள்ளைக்காரன் காலத்திலிருந்தே லைசென்ஸ் விலக்கு இருக்கிறது. 2019ல் மத்திய அரசு அதைப் பத்து வருடத்துக்கு நீட்டித்தது.

கட்டுப்பாடு தவறு என்று சொல்லிவிட முடியாது. வீட்டுக்கு வீடு துப்பாக்கி இருக்கும் நாடுகளின் செய்திகளை எல்லோரும் படிக்கிறோம். ஆனால் துப்பாக்கியைத் தொட முடியாததால் அதன் வரலாற்றையும் தொடாமல் விட்டுவிட்டோம் என்பது வேறு விஷயம். எழும்பூர் மியூசியத்திலும் கோட்டை மியூசியத்திலும் பழைய ஆயுதங்கள் கண்ணாடிக்குப் பின்னால் இருக்கின்றன. எத்தனை பேர் நின்று பார்க்கிறார்கள்?

இங்கிலாந்தில் ராயல் என்ஃபீல்டு தயாரிப்பு 1970 வாக்கில் நின்றுபோனது. என்ஃபீல்டு ஊரின் துப்பாக்கித் தொழிற்சாலையும் 1988ல் மூடப்பட்டது. இரண்டும் போய்விட்டன, பெயர் மட்டும் ஒரகடத்துக்கும் வல்லம் வடகாலுக்கும் வந்து நிற்கிறது. எந்த ஊரின் பெயரில் வந்த துப்பாக்கியை முழுதாக நம் கையில் கொடுக்கப் பயந்தார்களோ, அந்த ஊரின் பெயரை இன்று நம் ஊர்ப் பிள்ளைகள் பெட்ரோல் டேங்கில் ஒட்டி, உலகத்துக்கே அனுப்பிக்கொண்டிருக்கிறார்கள்.

அடுத்த முறை ரோட்டில் அந்த 'டப் டப்' சத்தம் கேட்டால், இதையும் கொஞ்சம் நினைத்துக்கொள்ளுங்கள்.